இரு நாட்டுப் பிள்ளை சிக்கந்தர்

எந்த ஊர், எந்தக் குலம், எந்தக் கூட்டம் என்று கேட்டு ஆளை எடைபோடும் வழக்கம் நம் கொங்கு மண்ணில் இன்னும் மாயவில்லை. பனியன் கம்பெனியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து தைப்பவர்கள், ஷிப்டு முடிந்து வெளியே வந்ததும் சாதிவாரியாகப் பிரிந்து நடக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளியை வடக்கன் என்ற ஒரே சொல்லால் தள்ளி வைக்கிறோம். பிறப்பைப் பற்றிய பெருமை எதுவரை நல்லது, எந்த இடத்தில் நஞ்சாகிறது? இதை எண்ணிப் பார்க்க ஒரு மனிதரின் வாழ்வை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

ஜேம்ஸ் ஸ்கின்னர் என்பது அவர் பெயர். டில்லிச் சீமை மக்கள் வாயில் அது சிக்கந்தர் சாகிபு என்று ஆயிற்று. 1778இல் பிறந்தவர். தந்தை ஹெர்குலிஸ் ஸ்கின்னர், ஸ்காட்லாந்துக்காரர்; கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் அதிகாரி. தாய், போஜ்பூர்ப் பக்கத்து ராஜபுத்திர ஜமீன் வீட்டுப் பெண். போரில் சிறைப்பட்டு வந்தவர்.

ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக்கு வடக்கே கிடக்கும் மலைநாடு. தனி நாடாக வாழ்ந்து 1707இல் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. அங்கே வாழ வழி காணாத இளைய பிள்ளைகள் பலர் கும்பினி வேலைக்கென்று கப்பலேறினார்கள். சென்னை மாகாணக் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோவும் அந்நாட்டுப் பிள்ளைதான். இப்படி வந்தவர்கள் இந்த மண்ணில் குடும்பம் கண்டார்கள். பிறந்த குழந்தைகளோ இரு வீட்டுப் பிள்ளைகள். இரு வீட்டிலும் முழு உரிமை கிடைக்காத பிள்ளைகள்!

குலப்பெருமை முதலில் பலி கொண்டது ஸ்கின்னரின் தாயைத்தான். பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பத் தந்தை முடிவு செய்தார். திரைக்குப் பின்னால் வளர வேண்டிய பெண்கள் வெளியே போனால் ராஜபுத்திர மானம் போயிற்று என்று அந்தத் தாய் நம்பினார். 1790இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அடுத்த அடி கும்பினியிடமிருந்து வந்தது. இந்தியத் தாய்க்குப் பிறந்தவனுக்குக் கும்பினியில் உத்தியோகம் இல்லை என்று 1791இல் ஆணை போட்டார்கள். தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவன் படையில் சேர்ந்தால் குழல் ஊதலாம், முரசு கொட்டலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம். வாள் பிடித்த வீரனாக முடியாது என்று 1795இல் மேலும் இறுக்கினார்கள். பிள்ளையைப் பெற்றுக்கொள்ளத் தடையில்லை. அவன் தலையெடுக்கத்தான் தடை!

படைக்கதவு சாத்தப்பட்ட பிள்ளையை அச்சுக்கூடத்தில் வேலை பழக விட்டார்கள். சில நாளிலேயே அங்கிருந்து ஓடினார். மடியில் இருந்தது நாலணா. அது தீர்ந்ததும் கல்கத்தாக் கடைவீதியில் மூட்டை சுமந்தார். தச்சுப் பட்டறையில் எடுபிடியாக நின்றார். பின்னாளில் ஆயிரக்கணக்கான குதிரை வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர், அன்று அன்றாடங்காய்ச்சியான கூலி. உறவினர் கண்டுபிடித்து அழைத்துப்போய் எழுத்து வேலையில் உட்கார வைத்தார்கள். அதிலும் மனம் நிற்கவில்லை. மராட்டிய மன்னர் சிந்தியாவின் படையில், பதினெட்டு வயதுக்குள் சின்ன அதிகாரியாகச் சேர்ந்தார்.

1800ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராஜபுத்தானத்து உனியாராவில் ஒரு சண்டை. ஸ்கின்னர் குண்டடிபட்டு விழுந்தார். களத்தில் பிணங்களுக்கு நடுவே இரவெல்லாம் கிடந்தார். விடிந்தது, வெயில் ஏறியது, மறுபடி இருட்டியது. நா வறண்டு உயிர் துடித்தது. பக்கத்தில் கால் போன ஒரு ராஜபுத்திர சுபேதார். மறுநாள் காலை, கூடையில் ரொட்டியும் பானையில் தண்ணீருமாக ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் வந்தார்கள். விழுந்து கிடந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டும் ஒரு வாய்த் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே போனார்கள். அந்தப் பெண் சாமர் குலத்தவள். தோல் பதனிடும் குலம் என்று ஊர் ஒதுக்கி வைத்த குலம்.

ஸ்கின்னர் வாங்கிக் குடித்தார். சுபேதாரோ குடிக்க மறுத்துவிட்டார். சாகக் கிடக்கும் நேரத்திலும் கொடுப்பவள் சாதியைத்தான் அவர் பார்த்தார். இருவரும் ஒரே களத்தில், ஒரே படைக்காக, ஒரே பகைவனின் கையால் வீழ்ந்தவர்கள். இருவருக்கும் ஒரே தாகம். தண்ணீரில் குற்றம் எங்கே இருந்தது?

பிழைத்து எழுந்த ஸ்கின்னர் அவளை மறக்கவில்லை. ஆயிரம் ரூபாய் அனுப்பி வைத்து, அவளைத் தம் தாய் என்று கொண்டாடினார். பெற்ற தாய் ராஜபுத்திரப் பெண். உயிர் தந்த தாய் தீண்டத்தகாதவள் என்று ஊர் சொன்ன பெண். இருவரையும் தம் வழியில் சேர்த்துக்கொண்டாரே, அந்த இடத்தில்தான் இவருடைய பெருமையை நாம் காண்கிறோம்.

1803இல் மராட்டியருக்கும் கும்பினிக்கும் போர் மூண்டது. சிந்தியாவின் பிரெஞ்சுத் தளபதி பெரோன், பிரிட்டிஷ் குருதி ஓடுபவன் என்று ஸ்கின்னரை வெளியே தள்ளினார். என்ன வேடிக்கை பாருங்கள்! இந்தியக் குருதி என்று அங்கே கதவடைப்பு. வெள்ளைக் குருதி என்று இங்கே கதவடைப்பு. ஒரே உடம்பில் ஓடிய ஒரே ரத்தம் இரண்டு இடத்திலும் குற்றமாயிற்று!

போக்கிடம் இல்லாமல் கும்பினித் தளபதி லேக்கிடம் போனார். சிந்தியாவின் உப்பைத் தின்றவன், அவரை எதிர்த்து வாள் எடுக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு சேர்ந்தார். பெரோனை விட்டு வந்த குதிரை வீரர்களிடம் யாரைத் தலைவராகக் கொள்வீர்கள் என்று கேட்டபோது, அவர்கள் காட்டியது சிக்கந்தரைத்தான். மஞ்சள் அங்கி அணிந்த அந்தப் படைக்கு ஸ்கின்னரின் குதிரைப்படை என்று பெயர் நிலைத்தது. அதன் வழிவந்த பிரிவு இன்றும் இந்திய ராணுவத்தில் கவசப்படையாக இருக்கிறது.

அவர் கும்பினிக்கு வாளாக இருந்தார் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. அதே ஆண்டுகளில் நம் காங்கயம் பக்கத்துத் தீரன் சின்னமலை அந்தக் கும்பினியோடு மோதினார். 1805இல் சங்ககிரியில் தூக்கிலேற்றப்பட்டார். நம் வணக்கம் யாருக்கு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஸ்கின்னரிடம் நாம் எடுத்துக்கொள்வது அவருடைய வாளை அல்ல. பிறந்த வழியைக் குறித்து வெட்கப்படாத நெஞ்சை.

தந்தையின் நாட்டை அவர் விடவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிரேசர் அவருக்கு உயிர் நண்பர். டில்லி காஷ்மீர் வாசலருகே அவர் தம் பணத்தில் எழுப்பிய புனித ஜேம்ஸ் தேவாலயம் 1836இல் திறக்கப்பட்டது. தாயின் மண்ணையும் விடவில்லை. இந்நாட்டுப் படித்தவர்கள் எழுதிய பாரசீக மொழியிலேயே எழுதினார். இங்குள்ள குலங்களையும் தொழில்களையும் பற்றி, ஓவியங்களோடு 1825இல் ஒரு நூல் ஆக்கினார். வீட்டில் இந்துஸ்தானத்துப் பிரபுவாகவே வாழ்ந்தார். மனைவியர் பலர் என்பதும் அந்தப் பிரபு வாழ்வின் கறை. அதை நாம் போற்றவில்லை.

இத்தனை வென்று கொடுத்தவருக்குக் கும்பினி தன் படையில் லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தது 1820களின் பிற்பகுதியில்தான். கால் நூற்றாண்டு காக்க வைத்தார்கள்! 1841 டிசம்பரில் ஹான்சியில் இறந்தார். உடல் டில்லிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

தோழர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். தனியொருவர் சுவரேறிக் குதித்ததால் சுவர் இடிந்து விடவில்லை. அவரைப் போலவே கலப்புக் குடும்பத்தில் பிறந்த கல்கத்தா மக்கள் கூடினார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள், ஜான் ரிக்கெட்ஸ் என்பவரிடம் மனுவைக் கொடுத்து லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1830இல் அவர் அங்கே சாட்சியம் சொன்னார். மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் காரணமாக எவருக்கும் கும்பினி உத்தியோகம் மறுக்கப்படக் கூடாது என்று 1833ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில்தான் கிடந்தது. ஆனாலும் அந்த வரியை எழுத வைத்தது வாள் அல்ல, கூடி நின்றவர்களின் மனு!

நம் கையில் ஓடும் துணியையே பாருங்கள். பனியன் என்ற பெயர் குஜராத்தி வணிகர்களைக் குறித்த சொல்லிலிருந்து, போர்த்துக்கீசியர் வாய்வழி வந்தது. சேலைக்கரையில் நாம் மாங்காய் என்று சொல்லும் பூவேலை, காஷ்மீர்ச் சால்வையில் ஏறிக் கடல் கடந்தது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர் நெசவாளிகள் அதைப் பார்த்து நெய்தார்கள். இன்று உலகமே அதைப் பெய்ஸ்லி என்கிறது. துணிக்குக் கலப்பு அழகானால் மனிதனுக்கு மட்டும் எப்படி இழிவாகும்?

உன் பாட்டனைப் பற்றிப் பெருமை கொள், தடையில்லை. பாட்டியைப் பற்றியும் கொள். ஆனால் அந்தப் பெருமை அடுத்தவன் குடத்துத் தண்ணீரை மறுக்கச் சொன்னால், அதுதான் அந்தச் சுபேதாரைப் பிடித்த நோய் என்று அறிந்துகொள். காலனியில் லைன் வீடுகளுக்கு நடுவே நிற்கும் குழாயடியில், பக்கத்து அறைப் பீகாரித் தொழிலாளியின் குடத்துக்கும் இடம் விடு. சங்கக் கூட்டத்துக்கு அவனையும் கையோடு அழைத்து வா. மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் நாம், கூட்டத்திலும் அப்படியே உட்காருவோம்!