பாஸ்கலின் ஓர் இரவு

ஆய்வுக்கூடத்தில் அழுத்தத்தை அளக்கும்போதெல்லாம் பாஸ்கல் என்னும் பெயரை எழுதுகிறேன். அப்பெயருக்குரிய மனிதரை அண்மையில்தான் அறிந்தேன்.

பிளேஸ் பாஸ்கல் 1623இல் பிரான்சு நாட்டில் பிறந்தார். 19ஆம் வயதில் கணக்கிடும் பொறி அமைக்கத் தொடங்கினார். 1648இல் தமக்கையின் கணவரைப் பாதரசக் குழாயுடன் மலையேறச் செய்து, உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைவதை மெய்ப்பித்தார்.

1654 நவம்பர் 23ஆம் நாள் இரவு, பத்தரை மணியளவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம், இறைவன் தம்மை ஆட்கொண்டதாக உணர்ந்தார். நாளையும் நேரத்தையும் குறித்து, உணர்ந்ததை ஒரு தாளில் எழுதினார். அதைச் சட்டையின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டார். அதன்பின் செல்வர் கூட்டத்தை விட்டு விலகினார், ஏழைகளுக்கு உதவினார். கணிதத்தையும் முற்றிலும் கைவிடவில்லை. 1658இல் உருளும் சக்கரத்தின் புள்ளி வரையும் வளைகோட்டை ஆராய்ந்தார். 1662இல், 39ஆம் வயதில் அவர் இறந்த பிறகே பணியாளர் ஒருவர் அத்தாளைக் கண்டெடுத்தார்.

நண்பர்களே, கடவுளைப் பற்றி எனக்கு இன்னும் உறுதியான முடிவில்லை. ஆயினும் அந்த இரவை வெறும் மயக்கம் என்று தள்ள மனம் வரவில்லை. ஆய்வுக் குறிப்பைப் போல் நேரமிட்டு எழுதியவர், அதைக் காட்டி எவரிடமும் வாதாடவில்லை, அதன்படி வாழ்ந்தார். அன்னை தந்த திருநீற்றுப் பொட்டலத்தை, நீங்கள் நகைப்பீர்கள் என்று அஞ்சிப் பெட்டியின் அடியில் மறைத்து வைத்திருந்தேன். இன்று அதை மேசைமேல் எடுத்து வைத்தேன்.