ஸிலார்டின் மகஜர்

அணுகுண்டின் சரித்திரத்தைப் பேசுவோர் ஐன்ஸ்டீன், பெர்மி, ஓப்பன்ஹைமர் ஆகியோரின் பெயர்களையே பெரும்பாலும் கூறுவர். அக்குண்டுக்கு வழியை எல்லோருக்கும் முன்னே எண்ணியவரும், எல்லோருக்கும் முன்னே அதற்கு அஞ்சியவரும் ஹங்கேரி தேசத்து விஞ்ஞானி லியோ ஸிலார்ட். அவருடைய வரலாற்றை நமது வாசகர்கள் அறிய வேண்டியது அவசியமென்று கருதுகிறோம்.

1898-ம் வருஷம் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லினில் பௌதிக சாஸ்திரம் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1933-ல் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்ததும், எந்நேரமும் புறப்படச் சித்தமாய் இரண்டு பெட்டிகளைக் கட்டி வைத்திருந்து, ஒருநாள் ரயிலேறினார். மறுநாள் அதே ரயிலில் சென்றவர்களை எல்லையில் நிறுத்தி விசாரணை செய்தார்கள். அவ்வருஷமே லண்டனில் ஒரு தெருவைக் கடக்க நின்றபோது, ஒரு ந்யூட்ரானை ஏற்று இரண்டை வெளிவிடும் மூலப்பொருள் இருக்குமாயின், இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, அளவற்ற சக்தி பிறக்குமென்று அவருக்குத் தோன்றிற்று. 1934-ல் இதற்குப் பேடெண்டு கோரினார். லாபத்தை நாடிப் பேடெண்டு வாங்குவோரையே வக்கீல் தொழிலில் நாம் கண்டிருக்கிறோம். இவரோ மறைப்பதற்காக வாங்கினார். 1936-ல் அதனைப் பிரிட்டிஷ் கடற்படை இலாகாவிடம் ஒப்படைத்து ரகசியமாக வைக்கச் செய்தார்.

1938 டிசம்பரில் ஜெர்மனியிலேயே யுரேனியம் பிளக்கப்பட்டது. அப்போது அமெரிக்காவிலிருந்த ஸிலார்ட், ஆராய்ச்சி விவரங்களை வெளியிட வேண்டாமென்று சக விஞ்ஞானிகளைக் கேட்டுக் கொண்டார். பாரிஸிலிருந்த ஜோலியோ இணங்காமல் 1939-ல் வெளியிட்டுவிட்டார். அவர் வெளியிடாதிருப்பினும் இயற்கையின் விதி எத்தனை நாள் பூட்டுக்குள் அடங்கும்? ரகசியம் நில்லாதெனக் கண்டவர், மூலப்பொருளையாவது தடுக்க முயன்றார். பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த காங்கோவில் யுரேனியம் மிகுதி. அது ஹிட்லரின் கைக்குப் போகலாகாதென்று, பெல்ஜிய ராஜமாதாவை அறிந்த ஐன்ஸ்டீனைத் தேடிப் போனார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதப்பட்ட 1939 ஆகஸ்டு 2-ந் தேதிக் கடிதம் அதிலிருந்தே பிறந்தது. கையொப்பம் ஐன்ஸ்டீனுடையது, முயற்சி ஸிலார்டுடையது. காங்கோ ஜனங்களை எவரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுகிறோம்.

1942 டிசம்பர் 2-ந் தேதி சிகாகோ சர்வகலாசாலையில், கரிக்கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி அமைத்த உலையில், அவர் எண்ணிய சங்கிலித் தொடர் முதன்முதலாக நிகழ்ந்தது. மற்றவர்கள் சென்ற பின் பெர்மியின் கையைப் பற்றி, மனித சரித்திரத்தில் இது ஒரு கரிநாளாகும் என்றாராம். அதற்குள் விவகாரம் ராணுவத்தின் வசமாகிவிட்டது. தளபதி குரோவ்ஸ் அவரை விரோதி நாட்டுப் பிரஜையெனக் காவலில் வைக்க எண்ணினார், ஒற்றர்களையும் ஏவினார்.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. எவனுக்கு அஞ்சி இவ்வாயுதத்தைத் தேடினார்களோ அவன் ஒழிந்தான், வேலை நிற்கவில்லை. ரூஸ்வெல்ட் ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார். ஸிலார்ட், பின்னர் ராஜாங்க மந்திரியான பைர்ன்ஸிடம் சென்று முறையிட்டார். குண்டைக் கண்டால் ருஷ்யா வழிக்கு வருமென்பது பைர்ன்ஸின் கருத்து. ருஷ்யாவும் குண்டு செய்யுமென்பது ஸிலார்டின் கருத்து. 1949 ஆகஸ்டில் ருஷ்யா செய்தே காட்டிற்று.

திரும்பி வந்து மகஜர் எழுதினார். சரணாகதி நிபந்தனைகளை விவரமாக வெளியிட்டு ஜப்பான் அவற்றை மறுத்தாலன்றிக் குண்டை வீசலாகாது. முதலில் வீசும் நாடு நாசத்தின் கதவைத் திறந்த பொறுப்பை ஏற்க நேரும். நாளை அமெரிக்க நகரங்களும் கணத்தில் அழியலாம். இதுவே அதன் சாரம். ஜூலை 17-ந் தேதியிட்ட அதில் அவர் உட்பட 70 பேர் கையொப்பமிட்டனர். முறைப்படி மேலதிகாரிகள் வழியாகவே அனுப்பப்பட்டது. குரோவ்ஸ் அதனை ஆகஸ்டு 1-ந் தேதி வரை நிறுத்தி வைத்து யுத்த இலாகாவுக்கு அனுப்ப, அங்கே தஸ்தாவேஜுக் கட்டில் சேர்த்தார்கள். ஜனாதிபதி ட்ரூமனின் கண்ணில் அது படவேயில்லை. மகஜர்களின் கதி நம் தேசத்தாருக்குப் புதிதல்ல. வெள்ளைக்கார சர்க்காருக்கு எத்தனை அனுப்பிக் கை சலித்தோம்! ஆனால் இம்மகஜர் கட்டில் உறங்கியபோது, 6-ந் தேதி ஹிரோஷிமாவும் 9-ந் தேதி நாகசாகியும் எரிந்தன.

யுத்தத்துக்குப் பின் பௌதிகத்தை விட்டு ஜீவ சாஸ்திரத்தைக் கைக்கொண்டார். 1960-ல் நியூயார்க்கில் ருஷ்யப் பிரதமர் குருஷ்சேவைச் சந்தித்து, ஒரு க்ஷவரக் கருவியைப் பரிசளித்து, யுத்தம் மூளாதவரை பிளேடுகள் அனுப்புவதாகச் சொன்னார். வேடிக்கையாய்த் தொடங்கிய அச்சம்பாஷணையில், தவறுதலால் யுத்தம் மூளாதபடி மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நேர்த் தொடர்பு வேண்டுமென்று வற்புறுத்தினார். 1962 அக்டோபரில் கியூபா நெருக்கடி வந்ததும், மீண்டும் பெட்டிகளைக் கட்டி மனைவியுடன் ஜெனீவாவுக்குப் போய்விட்டார். இதைக் கோழைத்தனமென்பார் இருக்கலாம். பெர்லினில் ஒருநாள் முந்தி ரயிலேறியவரைப் பரிகசிக்க நாம் துணியோம். அந்நேர்த் தொடர்பு 1963-ல் அமைந்தது.

1964 மே 30-ந் தேதி கலிபோர்னியாவில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அன்று குண்டு வைத்திருந்த நாடுகள் நான்கு. அவ்வருஷம் அக்டோபரில் சீனா ஐந்தாவதாயிற்று. இப்போது ஒன்பது.