கூண்டுக்குள் போன பைண்டர்

சொந்தமா ஆம்ப்ளிஃபயர் செஞ்சு பார்த்தவங்க யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க. போர்டு மேஜை மேல திறந்து கிடக்கும்போது பாட்டு வரும், கூடவே ம்ம்ம்னு ஒரு இரைச்சலும் வரும். இன்புட் பக்கம் கையைக் கொண்டு போனா இரைச்சல் கூடும். மெட்டல் பெட்டிக்குள்ள போட்டா சரியாயிடும்னு சீனியர் ஒருத்தர் சொல்லிட்டுப் போவார். போட்டும் பார்ப்பீங்க. பாதி போகும், மீதி அப்படியே நிக்கும்.

அந்தப் பாதி ஏன் போச்சு, மீதி ஏன் போகலைங்கிற ரெண்டு கேள்விக்கும் பதிலைக் கண்டுபிடிச்சவர் ஒரே ஆள்தான். அவர் பேரில் உள்ள விதியை பிளஸ் டூவிலேயே மனப்பாடம் செஞ்சிருக்கோம். ஆளைப் பத்தி இப்போ கொஞ்சம் பார்ப்போம்.

மைக்கேல் ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று, லண்டனின் தென்பகுதியில் நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும், அதனால் வருமானம் குறைவு. பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றதோடு சரி. 13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அங்கேயே பைண்டிங் தொழில் பழக ஏழு வருஷ ஒப்பந்தம். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை மூடி வைக்க அவருக்கு மனசு வரவில்லை. பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தார். ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் நூலையும் படித்தார். கையில் இருந்த சில்லறையில் பொருள் வாங்கி, படித்ததைச் செய்து பார்த்தார். நம்மில் பலர் வாங்கிய கிட்டைப் பிரிக்காமலே வைத்திருக்கிறோம், இல்லையா!

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய நான்கு உரைகளைக் கேட்டார். கேட்டதை எல்லாம் படத்தோடு சுத்தமாக எழுதி, தானே பைண்ட் செய்து, டேவிக்கே அனுப்பிவிட்டார். இதைவிட நல்ல ரெஸ்யூமே நான் கேள்விப்பட்டதில்லை. உடனே வேலை கிடைக்கவில்லை. 1813-ல் அங்கிருந்த உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். அந்த இடம் ஃபாரடேக்கு வந்தது. அதே வருஷம் டேவியோடு ஐரோப்பா பயணம். அறிவியல் உதவியாளராகப் போனவரை டேவியின் மனைவி வேலைக்காரர் மாதிரியே நடத்தினார். கசப்போடு பொறுத்துக்கொண்டு 1815-ல் திரும்பினார்.

1821-ல் கல்யாணம். அதே வருஷம் மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி ஓட வைத்தார். மோட்டாரின் மூதாதை அதுதான். 1825-ல் ஆய்வகத்தின் இயக்குநர். இதையெல்லாம் வேகமாத் தாண்டிடுறேன், நம்ம பெட்டிக்குச் சம்பந்தப்பட்டது 1831-லதான் ஆரம்பிக்குது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 29. சுமார் 6 அங்குல விட்டமுள்ள மெத்திரும்பு வளையம் ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் செம்புக் கம்பியைத் தனித்தனியாகச் சுற்றினார். எனாமல் பூசிய கம்பி அன்னைக்குக் கடையில் கிடையாது. சுற்றுக்குச் சுற்று நூலையும், அடுக்குக்கு அடுக்கு காலிகோ துணியையும் வைத்து இன்சுலேட் செய்தார். (காலிகோங்கிற பேரே நம்ம கோழிக்கோட்டிலிருந்து போனதுதான்.) ஒரு பக்கத்துச் சுருளை பேட்டரியில் இணைத்தார். இன்னொரு பக்கத்துக் கம்பியை மூன்றடி தள்ளியிருந்த காந்த ஊசிக்கு மேலாகக் கொண்டு போனார். பேட்டரியை இணைத்ததும் ஊசி ஆடி, பழைய நிலைக்கே வந்துவிட்டது. துண்டித்ததும் மறுபடி ஆடியது. இடையில் மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது ஒன்றுமே இல்லை. மாறுகிற காந்தப்புலம்தான் பக்கத்துக் கம்பியில் மின்சாரத்தைத் தூண்டுகிறது என்பது இப்படித்தான் பிடிபட்டது.

உங்க ஆம்ப்ளிஃபயர்ல இருக்கிற டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்க. அந்த வளையத்தோட பேரப்பிள்ளை அது. அதுல காந்தப்புலம் நொடிக்கு 50 சுழற்சி மாறிட்டே இருக்கு. கொஞ்சம் வெளியே கசியும். கசியுறது பக்கத்துல இருக்கிற இன்புட் ஒயர்ல மின்சாரத்தைத் தூண்டும். பெட்டியில் போட்ட பிறகும் போகாத மீதி ஹம் பல நேரம் இதுதான்.

இன்னொரு ஆபத்தும் இதே விதியிலிருந்து வருது, கவனமாப் படிங்க. டொராய்டின் நடு ஓட்டை வழியாப் போகிற போல்ட், அடித் தகட்டோட மேல் மூடியையும் சேர்த்துத் தொட்டுச்சுன்னா, போல்ட், மூடி, பக்கச்சுவர், அடித்தகடு எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய வளையம் ஆயிடும். அதாவது ஷார்ட் செய்யப்பட்ட ஒற்றைச் சுற்று செகண்டரி. அதுல பாயுற மின்சாரம் ஃபியூஸை எரிக்கும், இல்லேன்னா டிரான்ஸ்ஃபார்மரையே எரிக்கும். பெட்டி வாங்கும்போதே போல்ட் தலைக்கும் மூடிக்கும் நடுவில் தாராளமா இடைவெளி இருக்கிற உயரமாப் பாருங்க.

இனி கூண்டுக்கு வருவோம். 1836-ல் ராயல் இன்ஸ்டிடியூஷன் உரை அரங்கில் 12 அடிக்கு 12 அடி, உயரமும் 12 அடி என ஒரு கனசதுரத்தைக் கட்டினார். மரச் சட்டத்தில் செம்புக் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, காகிதம் ஒட்டி, வெள்ளீயத் தாள் பட்டைகளால் எல்லாவற்றையும் மின்சாரம் பாயும்படி இணைத்தார். வெட்டுவதும் ஒட்டுவதும் பைண்டருக்குப் புதுசா என்ன? தரையோடு மின்தொடர்பு இல்லாமல் அதை நிறுத்தி, பெரிய நிலைமின் இயந்திரத்தால் மின்னேற்றினார். பிறகு மெழுகுவத்தியும் மின்காட்டிகளும் எடுத்துக்கொண்டு தானே உள்ளே போய் உட்கார்ந்தார். வெளிச்சுவரில் பொறி பறந்தது. உள்ளே எந்தக் கருவியும் அசையவில்லை. மின்னூட்டம் முழுக்க வெளிப்பரப்பிலேயே தங்கிவிட்டது. உள்ளே மின்புலம் இல்லை.

நீங்க கையைக் கிட்ட கொண்டு போனப்போ கூடின இரைச்சல் மின்புலத்தால வந்தது. அதனாலதான் அந்தப் பாதி பெட்டியில் போட்டதும் ஓடிப்போச்சு. ஆனா ஃபாரடே தகட்டையும் கம்பியையும் விடாம இணைச்சாரே, அங்கதான் நாம கோட்டை விடுறோம். கடையில் கிடைக்கிற அழகான கறுப்பு அலுமினியப் பெட்டி அனோடைஸ் செஞ்சது. அந்தப் பூச்சு மின்சாரம் கடத்தாது. பவுடர் கோட்டிங்கும் கடத்தாது. ஆறு தகட்டையும் ஸ்க்ரூ போட்டு முறுக்கினாலும், மின்சாரக் கணக்குல அது ஆறு தனித் தகடுதான். ஸ்க்ரூ உட்காரும் இடங்களில் பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பல் வாஷர் வெச்சு முறுக்கி, மல்டிமீட்டரில் தகட்டுக்குத் தகடு பார்த்துடுங்க.

இன்னொரு வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. அவர் கூண்டுக்கு உள்ளே இருந்தார். நாம வெளியே இருக்கோம். உள்ளே ஒரு மெயின்ஸ் ஒயர் கழண்டு பெட்டியைத் தொட்டா, ஷாக் அடிக்கப்போறது வால்யூமைத் திருப்புறவருக்கு. மூணு பின் பிளக்கின் பச்சை ஒயரை, பூச்சு சுரண்டின இடத்தில், தனி போல்ட் போட்டு பெட்டியோட இறுக்குங்க. டிரான்ஸ்ஃபார்மர் போல்டிலேயே சேர்த்து மாட்டுறது வேண்டாம். ஹம் குறையுதுன்னு எர்த்தைக் கழட்டி விடுற பழக்கம் சில இடத்துல இருக்கு, அது முட்டாள்தனம்.

சரி, மீதி ஹம்? இதுக்கும் ஃபாரடேகிட்டதான் போகணும். அவருக்குக் கணக்கு வராது. சமன்பாட்டுக்குப் பதிலாக, காந்தத்தைச் சுற்றிய இடத்தைக் கோடுகளாகக் கற்பனை செய்தார். பலர் அதை லட்சியம் செய்யவில்லை. 1850-களில் மேக்ஸ்வெல் என்ற இளைஞர் அதைக் கணிதமாக்கத் தொடங்கியபோதுதான் அதன் ஆழம் புரிந்தது. அந்தக் கோடுகளை வெச்சு யோசிச்சா பெட்டிக்கு எந்த உலோகம்னு தெரிஞ்சிடும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அலுமினியத்தில் கணிசமாகக் குறைய சுமார் 12 மி.மீ. தடிமன் வேணும், நம்ம தகடு 2 மி.மீ. கோடுகள் அதை மதிக்காமப் போயிடும். இரும்புத் தகடு கோடுகளைத் தன் வழியா இழுத்துக்கும். துளை போடவும் சூடு வெளியேறவும் அலுமினியம் சுகம். அதனால என் தேர்வு, அலுமினியப் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இன்புட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புத் தடுப்பு. டிரான்ஸ்ஃபார்மரை இன்புட்டுக்கு எதிர்மூலையில் வைங்க. பவரை ஆஃப் செஞ்சு கொஞ்சம் திருப்பி, ஆன் செஞ்சு கேட்டு, ஹம் குறைவா இருக்கும் கோணத்தில் முறுக்குங்க. பழைய கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டி கிடைச்சா அதுவும் நல்லதுதான், அழகு பார்க்காதீங்க.

வயசான காலத்தில் ஃபாரடேக்கு ஞாபக மறதி வாட்டியது. சர் பட்டத்தை வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டி தலைவர் பதவி இரண்டு முறை வந்தது, அதையும் மறுத்தார். 1858-ல் விக்டோரியா மகாராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் கொடுத்த வீட்டில் குடியேறி, அங்கேயே 1867 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். 1881-ல் பாரிஸ் மாநாடு மின்தேக்குத் திறனின் அலகாக ஃபாரடை ஏற்றது. உங்க பவர் சப்ளை கெப்பாசிட்டர் மேல அச்சடிச்சிருக்கிறது அவர் பேர்தான். அவரது கல்லறை லண்டன் ஹைகேட்டில் இருக்கிறது. கல்லில் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி.