இரு மைதானங்களின் வீரர் எம். ஜே. கோபாலன்

சம்பா அறுவடை முடிந்து வைக்கோலும் களத்தை விட்டு வீடு சேர்ந்துவிட்டால், எங்கள் வேளாங்கண்ணிப் பக்கத்து வயல்கள் எல்லாம் விளையாட்டு மைதானங்கள் ஆகிவிடும். அறுத்த தாள் காலைக் குத்தும். தென்னை மட்டையைச் செதுக்கினால் அதுவே பேட். காலையில் கிரிக்கெட், மாலையில் கால்பந்து என்று பொழுது போகும். சிறு வயதில் எதை ஆடுவது, எதை விடுவது என்ற கேள்வியே எழுவதில்லை. அந்தக் கேள்வி வளர்ந்த பிறகுதான் வருகிறது. இந்தியாவுக்காக இரண்டு விளையாட்டுகளில் ஆடிய ஒரு தமிழருக்கு அந்தக் கேள்வி 1936ஆம் ஆண்டில் வந்தது. அவர்தான் எம். ஜே. கோபாலன்.

மாணவ நண்பர்களே! தியான் சந்தைத் தெரியாதவர் நம்மில் இல்லை. ஆனால் அவர் தலைமையில் ஹாக்கி ஆடியவரும், சி. கே. நாயுடுவின் தலைமையில் டெஸ்ட் கிரிக்கெட் ஆடியவருமான ஒருவர் நம் மாநிலத்தில் வாழ்ந்து மறைந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிறப்பும் இளமையும்

கோபாலன் 1909ஆம் ஆண்டு சூன் திங்கள் 6ஆம் நாள் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது சென்னைத் திருவல்லிக்கேணியில். சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து கூப்பிடு தூரம். கிரிக்கெட் அந்நாளில் வெள்ளையர்களும் வசதி படைத்தோரும் ஆடிய ஆட்டம். சென்னையில் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் நடந்த பந்தயத்தைக் காணத் திரளான மக்கள் கூடுவர்.

இளைஞர் கோபாலனின் வேகப்பந்து வீச்சைக் கண்டு வியந்தவர்களுள் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் முக்கியமானவர். அவரே எதிர் அணியில் ஆடியவர். பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றியவர். திறமைக்கு நிறம் இல்லை என்பதை உணர்ந்திருந்த அவர், கோபாலனுக்கு அதே நிறுவனத்தில் வேலை கிடைக்க உதவினார். விளையாட்டு சோறு போடாத காலம் அது. மாதச் சம்பளம் என்ற ஒன்று கிடைத்ததால்தான் கோபாலன் கவலையின்றிப் பந்து வீச முடிந்தது எனலாம்.

கிரிக்கெட் களத்தில்

இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை 1932இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது. 1934 சனவரியில் கல்கத்தாவில் ஜார்டீன் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியை எதிர்த்து ஆடியது இந்தியாவின் மூன்றாவது டெஸ்ட். அதில் கோபாலன் இடம் பெற்றார். ஒரு விக்கெட்டை வீழ்த்தினார். இரு இன்னிங்சுகளிலும் சேர்த்து 18 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த மாதமே அவருடைய சொந்த மண்ணாகிய சேப்பாக்கத்தில் முதன்முதலாக டெஸ்ட் பந்தயம் நடந்தது. அந்த அணியில் அவருக்கு இடம் கிட்டவில்லை! முகமது நிசார், அமர்சிங் போன்ற பெரும் பந்து வீச்சாளர்கள் கோலோச்சிய காலத்தில் மற்றொரு வேகப்பந்து வீச்சாளர் இடம் பெறுவது எளிதாக இல்லை. கல்கத்தாவில் ஆடிய அந்த ஒன்றே அவருடைய முதலும் முடிவுமான டெஸ்ட் ஆயிற்று.

ஆயினும் வேறொரு பெருமை அவருக்காகக் காத்திருந்தது. 1934 நவம்பர் 4ஆம் நாள் ரஞ்சிக் கோப்பைப் போட்டி சேப்பாக்கத்தில் பிறந்தது. சென்னையும் மைசூரும் மோதின. அந்தப் போட்டி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் நம் கோபாலன். மைசூர் 48 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மீண்டும் ஆடிய மைசூர் 59இல் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பந்தயம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. இன்று எத்தனையோ மாநிலங்கள் ஆடும் ரஞ்சிக் கோப்பையின் கணக்கு அவர் கையிலிருந்து புறப்பட்ட அந்த ஒரு பந்திலிருந்தே தொடங்குகிறது.

ஹாக்கிக் களத்தில்

ஹாக்கியில் அவர் ஆடியது சென்டர் ஆஃப் என்னும் இடத்தில். முன்னணி வீரருக்குப் பந்து கொடுக்க வேண்டும். பின்னணி வீரருக்கும் துணை நிற்க வேண்டும். கோல் போட்டவர் பெயர் ஏட்டில் ஏறும். பந்து கொடுத்தவர் பெயர் ஏறாது. ஆனால் அந்த இடம் சோர்ந்தால் அணியே சோர்ந்துவிடும்.

1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்குச் சென்ற இந்திய அணியில் கோபாலன் இடம் பெற்றார். அந்தப் பயணத்தின் கணக்கைக் கேளுங்கள்: ஆடிய பந்தயங்கள் 48. அத்தனையிலும் வெற்றி. இந்தியா போட்ட கோல்கள் 584. வாங்கியவை 40 மட்டுமே. தியான் சந்த் ஒருவரே 201 கோல்கள் போட்டார். ஓர் அணியின் சாதனையும் ஒரு தனி மனிதரின் சாதனையும் ஒன்றுக்கொன்று எப்படித் துணை நிற்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த 201க்கும் பின்னே பந்தைத் தடுத்து, திருப்பி, முன்னே அனுப்பிய கைகள் பல இருந்தன. அவற்றுள் இரண்டு கோபாலனின் கைகள்.

ஒரே ஆண்டில் இரு அழைப்புகள்

1936 பிறந்தது. பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்கு ஹாக்கி அணியைத் தேர்வு செய்யும் ஆட்டங்கள் ஒருபுறம். இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியில் இடம் மறுபுறம். இரண்டில் ஒன்றுதான் முடியும். இந்திய ஹாக்கி அணி 1928இலும் 1932இலும் தங்கம் வென்ற அணி. 1928இல் 29 கோல்கள் போட்டு, ஒன்றுகூட வாங்காமல் திரும்பிய அணி. இருந்தும் கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்துக் கப்பல் ஏறினார்.

அதே அணியில் சென்னையைச் சேர்ந்த சி. ராமசாமியும் இருந்தார். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிசில் இந்தியாவுக்காக ஆடியவர். 40ஆம் வயதில் டெஸ்ட் ஆட வந்தவர். இரண்டு விளையாட்டுகளில் நாட்டின் பெயரைத் தாங்கிய இருவர் ஒரே நகரிலிருந்து ஒரே அணியில் சென்றது சென்னைக்குப் பெருமை அன்றோ!

ஆனால் அந்தப் பயணம் இனிக்கவில்லை. விஜயநகரம் இளவரசர் தலைவர். அணிக்குள் கட்சிகள் இருந்தன. லாலா அமர்நாத் பாதியிலேயே நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் இரண்டில் தோல்வி. கோபாலனுக்கு ஒன்றில்கூட ஆட வாய்ப்புத் தரப்படவில்லை.

1936 ஆகஸ்டு 15ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் அன்று தொடங்குகிறது. ராமசாமி ஆடுகிறார், கோபாலன் பதினொருவரில் இல்லை. அதே நாளில் பெர்லினில் ஹாக்கி இறுதிப் போட்டி! முதல் நாள் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போயிருந்தது. இந்தியா செருமனியை 8-1 என்று வென்றது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட மொத்தக் கோல்கள் 38. வாங்கியது அந்த ஒன்றே ஒன்று. மூன்றாம் முறையாகத் தங்கம். கோபாலன் சென்றிருந்தால்..?

பின்னாளில்

அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கோபாலன் வாழ்நாளைக் கழிக்கவில்லை. ஊர் திரும்பினார், மீண்டும் பந்தைக் கையில் எடுத்தார். சென்னை அணிக்குத் தலைமை தாங்கினார். முதல்தரப் பந்தயங்களில் ஏறத்தாழ 200 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். ஆடி ஓய்ந்த பின் நாட்டின் அணியைத் தேர்வு செய்யும் குழுவிலும் இருந்தார்.

1952-53 பருவத்தில் அவர் பெயரால் கோபாலன் கோப்பை தொடங்கியது. சென்னை மாநில அணியும் இலங்கை அணியும் மோதும் பந்தயம் அது. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிட்டியது 1981இல். அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் அந்நாட்டு வீரர்கள் தங்களைத் தீட்டிக்கொண்ட களங்களுள் ஒன்றாக இந்தக் கோப்பை விளங்கியது. ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவரின் பெயரில் இரு நாட்டு இளைஞர்கள் பல்லாண்டு ஆடினர் என்றால், தங்கப் பதக்கத்துக்கு அது எந்த வகையில் குறைவு?

2003 டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில் தம் 94ஆம் வயதில் கோபாலன் மறைந்தார். அப்போது உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களுள் மூத்தவர் அவரே.

நாம் கற்பது

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்று கேட்டறிய எனக்கு முன் சென்றவர் வீட்டில் யாரும் இல்லை. எடுத்தது சரிதானா என்ற ஐயம் செய்முறைத் தேர்வு நாள்களில் இன்றும் எழுவதுண்டு. நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர். கோபாலனுக்கும் தம் இரு வழிகளின் முடிவும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. ஒன்றைத் தேர்ந்தார், அது கைகொடுக்கவில்லை. ஆனால் அதனால் அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. தேர்ந்தெடுப்பது ஒரு நாள் வேலை. தேர்ந்ததைத் தொடர்ந்து உழுவதே வாழ்நாள் வேலை. நம் டெல்டா உழவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு போகம் பொய்த்தது என்று வயலைத் தரிசு போட்டவர் யார்?

அடுத்த முறை அறுத்த வயலில் மட்டை பிடிக்கும்போது, ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய அந்தக் கையை ஒருமுறை நினைப்போம். வளர்க அவர் புகழ்!