கணக்கு வாத்தியார் கோகலேயும் இரண்டரை ரூபாய் உப்பு வரியும்

கோபால கிருஷ்ண கோகலே என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? காந்தியின் அரசியல் குரு, பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி. அவ்வளவுதானே? அவர் அடிப்படையில் ஒரு ஆசிரியர். அவர் எழுதிய எண்கணிதப் புத்தகம் பள்ளிகளில் பாடமாக இருந்தது.

1866-ல் ரத்னகிரி பக்கம் கோத்லுக் கிராமத்தில், வசதி இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். 18 வயதில் பட்டம், பிறகு புனே பெர்குசன் கல்லூரியில் வேலை. அரசு அறிக்கைகளை வரி வரியாக அலசும் பழக்கம் ரானடேயிடம் கற்றது. 1902-ல் வைஸ்ராயின் சட்டமன்றத்தில் பேசிய முதல் பட்ஜெட் உரையிலேயே உப்பு வரியில் கைவைத்தார்.

1888 முதல் ஒரு மவுண்டுக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி இரண்டரை ரூபாய். உப்பில்லாம சமைக்க முடியாது, விலை ஏறினாலும் வாங்கித்தானே ஆகணும்னு நீங்க நினைக்கலாம். கோகலே ஒத்துக்கொள்ளவில்லை. வரி கூடினால் ஏழை உப்பிலும் கையைச் சுருக்குகிறான் என்பது அவர் வாதம்.

இன்றைய பாஷையில் இது தேவைக் கோட்டின் சாய்வு பற்றிய சண்டை. வரி 1903-ல் 2 ரூபாய், 1905-ல் ஒன்றரை, 1907-ல் 1 ரூபாய் என இறங்கியது. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் எடுங்க. ஒருவர் வருஷத்துக்கு வாங்கும் உப்பு 5 கிலோவிலிருந்து 6 ஆனதாக வைத்துக்கொள்வோம் (கிலோ கணக்கு கற்பனை, வரி நிஜம்). விலை மாற்றம் 1 − 2.5 = −1.5. அளவு மாற்றம் 6 − 5 = 1. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சாய்வு −1.5. விலையும் அளவும் எதிர்த் திசையில் போவதால்தான் மைனஸ். அளவு 5.1 கிலோ மட்டும் ஆகியிருந்தால் சாய்வு −15, கோடு கிட்டத்தட்ட செங்குத்து. அப்படியென்றால் கோகலே வாதம் படுத்துவிடும்.

கடை விலையே தெரியாம வரியை மட்டும் வெச்சு எப்படி? சாய்வுக்கு வேண்டியது வித்தியாசம் மட்டுமே. வரிக் குறைப்பை வியாபாரி அப்படியே மக்களுக்குத் தந்து, மற்ற செலவு மாறாமல் இருந்தால், அந்தச் செலவு கழித்தலில் அடிபட்டுப் போகும். மொத்த விற்பனையை எடுக்காமல் தலைக்கு எத்தனை கிலோ என்று பார்த்ததற்கும் காரணம் உண்டு. ஜனத்தொகை பெருகினால் கோடே நகர்ந்துவிடும். இரண்டு புள்ளிகளும் ஒரே கோட்டில் இருக்காது.

கோகலே 1915-ல், 48 வயதில் இறந்தார். அடுத்த வருஷமே வரி ஒன்றேகால் ரூபாய் ஆனது. 1923-ல் மறுபடி இரண்டரை.