நினைவகக் கணக்கர் டாம் கில்பர்னார்

பொருளை ஈட்டலினும் ஈட்டிய பொருளுக்குக் கணக்கு வைத்தல் அரிது. களஞ்சியத்தில் நெல் மலைபோற் குவிந்து கிடப்பினும், எவருக்கு எத்துணை அளந்தோம், எவர் எத்துணை திருப்பியளித்தனர் என்னும் குறிப்புப் பிழைபடின், அக்களஞ்சியம் நாளடைவில் வறிதாகும். கணிப்பொறியின் நினைவகமும் இத்தகையதொரு களஞ்சியமே. அதனை அமைத்து, அதற்கு ஓர் உக்கிராணக்காரனையும் வகுத்துத் தந்தோருள் முதன்மை வாய்ந்த ஒருவரின் சரிதத்தை நம் மாணவ நேயர்கட்கு ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

டாம் கில்பர்னார் 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11ஆம் நாள் இங்கிலாந்து தேசத்து யார்க்‌ஷயரில் டியூஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். உள்ளூர்ப் பாடசாலையிற் பயின்றபின் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த சிட்னி சஸெக்ஸ் கல்லூரியிற் கணித சாஸ்திரம் கற்று, 1942இல் தேர்ச்சி பெற்றார். அக்காலத்து யுத்தம் மும்முரமாய் நடந்தமையின், மால்வர்ன் நகரத்து ராடார் ஆராய்ச்சி நிலையத்திற்கு அனுப்பப்பட்டு, பிரெடரிக் வில்லியம்ஸ் என்னும் மின்னியல் வல்லுநரின்கீழ்த் தொண்டாற்றினார். கணிதமே கற்ற இளைஞர் ஆங்கு மின்சுற்றுக்களைப் பழுதாய்ந்து செப்பனிடும் கலையில் தேர்ந்தார்.

யுத்தம் முடிந்தபின், 1946ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம்ஸார் மான்செஸ்டர் சர்வகலாசாலையிற் பேராசிரியராய் அமர்ந்தார்; கில்பர்னாரும் அவருடன் சென்றார். அந்நாளிற் கணிப்பொறி சமைக்க முயன்றோர் யாவரையும் வருத்திய வினா ஒன்றுண்டு. எண்களையும் கட்டளைகளையும் விரைந்து எழுதி, விரைந்து படித்தற்குரிய நினைவகத்தை எங்ஙனம் அமைப்பது என்பதே அது. இவ்விருவரும் ராடாரிற் பயன்பட்ட கதோடுக்குழாயைக் கையாண்டனர். குழாயின் முகப்பில் மின்னேற்றம் பெற்ற புள்ளிகளே இலக்கங்களாயின. அம்மின்னேற்றமோ நொடிப்பொழுதிற் கரைந்து போவது. ஆதலின் ஒவ்வொரு புள்ளியையும் அது மறையுமுன் படித்து, படித்தவாறே மீண்டும் எழுதும் உபாயத்தைக் கண்டனர். 1947இன் இறுதிக்குள் ஒரே குழாயில் 2,048 இலக்கங்களை மணிக்கணக்கில் அழியாது நிறுத்தினர்.

இந்நினைவகம் கணிப்பொறிக்கு உதவுமோ என்று சோதித்தற்குச் சிறு யந்திரம் ஒன்று சமைக்கப்பட்டது. குழந்தை என்னும் செல்லப் பெயர் பெற்ற அதன் நினைவகம் 32 சொற்களையே கொள்ளும். ஒரு சொல்லுக்கு இலக்கம் 32. கில்பர்னார் அதற்கென 17 கட்டளைகள் கொண்ட நிரல் ஒன்று வரைந்தார். 262,144 என்னும் எண்ணின் மிகப் பெரிய வகுஎண்ணைக் கண்டறிதலே அந்நிரலின் வேலை. தொடக்கத்தில் முயற்சிகள் பலவும் தவறின. குழாயின் முகப்பிற் புள்ளிகள் பொருளின்றிக் கூத்தாடினவேயன்றி, பிழை எங்குளது என்று காட்டவில்லை. வில்லியம்ஸாரும் கில்பர்னாரும் ஜெப் டூட்டில் என்பாரும் மனந்தளராது ஒவ்வொன்றாய்த் திருத்தி வந்தனர். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆம் நாள், 52 நிமிஷம் ஓடியபின், 131,072 என்னும் சரியான விடை வந்து நின்றது. தன் நினைவகத்திலேயே நிரலைத் தாங்கி இயங்கிய முதல் மின்னணுக் கணிப்பொறி இதுவே. ஆயினும் அக்குழாய் நெடுங்காலம் வில்லியம்ஸ் குழாய் என்றே வழங்கிற்று. கில்பர்னாரின் பெயரையும் சேர்த்து வழங்கும் முறை பிற்காலத்ததே.

நினைவகம் பெருகியபோது புதியதோர் இடர் தோன்றிற்று. விரைவுடைய நினைவகம் சிறிது. பெரிய உருளை நினைவகமோ மெதுவானது. எதனை எப்போது ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றுவது என்பதை நிரல் எழுதுவோரே கணக்கிட வேண்டியிருந்தது. அக்கணக்கிற் பிழைத்தோர் பலர். கில்பர்னார் இச்சுமையை மாந்தரிடமிருந்து நீக்கி யந்திரத்தின் தலையில் ஏற்றத் துணிந்தார். அதன் பயனே 1962 டிசம்பர் 7ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட அட்லஸ் என்னும் கணிப்பொறி. அதன் விரைவு நினைவகத்துச் சொற்கள் 16,384. அவை 512 சொற்கள் கொண்ட 32 பக்கங்களாய் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு பதிவுக்கருவி உண்டு. அப்பக்கத்தில் எப்பகுதி தங்கியுளது என்பதை அது காட்டும். நிரல் வேண்டும் பகுதி அங்கு இல்லையாயின், மேற்பார்வை நிரல் குறுக்கிட்டு, தன் அட்டவணையைப் பார்த்து, அதனை உருளையினின்று வெற்றுப் பக்கத்திற்குக் கொணரும். பின்னர் வேறொரு பக்கத்தை உருளைக்கு அனுப்பி, அடுத்த தேவைக்கு இடம் ஒழித்து வைக்கும். பிறர் தொடலாகாத பக்கத்தைப் பூட்டும் இலக்கமும் பதிவுக்கருவியில் இருந்தது. மெய்ந்நிகர் நினைவகம் என்று இன்று வழங்குவதன் மூலம் இதுவே.

இவ்வமைப்பின் உயிர்நிலை யாதெனின், கணக்கும் உண்மையும் ஒத்திருத்தலே. இயக்குதளத்தின் கருப்பகுதியாகிய கெர்னல் இன்று இவ்வுக்கிராணத்தை ஏற்று நடத்துகின்றது. கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறாது மறப்பின், நினைவகம் துளித்துளியாய்க் கசிந்து, யந்திரம் ஒருநாள் மூச்சடைத்து நிற்கும். ஒரே இடத்தை இருமுறை விடுவித்ததாகக் குறிப்பின், அவ்விடம் இருவருக்குரியதாகி, ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பர். பிழை செய்த இடம் ஒன்று, அது வெளிப்படும் இடம் வேறொன்று ஆதலின், இவற்றைத் தேடுதல் கொடிது. ஆகையால் லினக்ஸ் கெர்னலில் 2009ஆம் ஆண்டு கேமெம்லீக் என்னும் கருவி சேர்க்கப்பட்டது. அளிக்கப்பட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு நினைவகம் முழுவதையும் துருவி, எவரும் சுட்டாத இடங்களை அது சந்தேகப் பட்டியலில் வைக்கும். உரியவர் உள்ள இடத்தையும் சிற்சில வேளை கசிவென்று கூறிவிடுமாதலின், அதன் சொல்லையும் ஆய்ந்தே கொள்ளல் வேண்டும். கணக்கனைச் சோதிக்க வந்தவனுக்கும் கணக்குண்டு என்க.

1964இல் மான்செஸ்டரில் கணிப்பொறியியற்கெனத் தனித்துறை நிறுவி, அதன் தலைமையைக் கில்பர்னார் ஏற்றார். மறு ஆண்டு ராயல் சொஸைட்டி அவரைத் தன் அங்கத்தினராக்கிற்று. 1981இல் ஓய்வு பெற்ற அவர், 1998இல் குழந்தை யந்திரம் மீண்டும் சமைக்கப்பட்டு இயங்கியதைக் கண்டு மகிழ்ந்து, 2001ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் காலஞ்சென்றார்.

மாணவ நேயர்காள்! கூத்தாடிய புள்ளிகளைக் கண்டு அவர் யந்திரத்தை நொந்தாரல்லர். மீண்டும் முதலினின்று ஆராய்ந்தார். நமக்கு அளிக்கப்பட்ட காலமும் அறிவும் அளவுபட்டனவே. பெற்றதைக் குறித்து, கொடுத்ததைக் குறித்து, பிழைபட்டவிடத்து அஞ்சாது ஏட்டைத் திருப்பித் திருத்துவோமாயின், கணக்கொப்புவிக்கும் நாளில் நாணி நிற்க நேராது.