பட்டத்தைத் துறந்தும் படிப்பைத் துறவாதவர்: மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன்

இந்திய முஸ்லிம்களின் உயர்கல்வி வரலாற்றைப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத பெயர்களுள் ஒன்று மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களுடையது. இந்தியக் குடியரசின் மூன்றாவது தலைவராகவும், அப்பதவியை வகித்த முதல் முஸ்லிமாகவும் அவரை நாம் அறிவோம். ஆனால் அவர் எவ்வாறு படித்தார், கல்லூரி நாட்களை எவ்வாறு பயன்படுத்தினார், பெற்ற கல்வியை எங்கே கொண்டு சேர்த்தார் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் வெளியூர்க் கல்லூரிகளுக்குப் புறப்படும் இக்காலத்தில் நாம் அறிய வேண்டியது அதுவேயாகும்.

இளமையும் இழப்பும்

1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் அவர் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் உத்தரப் பிரதேசத்து ஃபரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயிம்கஞ்ச். வழக்கறிஞராக விளங்கிய தந்தை ஃபிதா ஹுசைன் கான் 1907-இல் மறைந்தபோது சிறுவருக்கு வயது பத்து. சொந்த ஊர் திரும்பிய குடும்பத்தை 1911-இல் பிளேக் நோய் தாக்கியது, தாயாரும் மறைந்தார். தாய் தந்தையை இழந்த நிலையிலும் அக்குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை. அவருடைய தம்பியருள் யூசுஃப் ஹுசைன் பின்னாளில் சிறந்த வரலாற்று அறிஞரானார். மஹ்மூத் ஹுசைன் டாக்கா, கராச்சி பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராக உயர்ந்தார்.

எட்டாவா நகரின் இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளியில் விடுதி மாணவராகத் தங்கி ஜாகிர் ஹுசைன் பயின்றார். அந்நாட்களில் ஹஸன் ஷா என்ற ஸூஃபி பெரியவரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. நூல்கள் மீது தீராத பற்றுக்கொண்டிருந்த அப்பெரியவருக்காக நூல்களைக் கையால் பிரதி எடுத்துக் கொடுக்கும் பணியை அவர் செய்தார். நூலை நேசிக்கும் குணமும் அழகிய கையெழுத்தும் அவருக்கு வாய்த்ததில் அப்பணிக்கும் பங்குண்டு.

தடம் மாறிய படிப்பு

பள்ளிப் படிப்பை முடித்து 1913-இல் அலிகரிலுள்ள முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவராக வேண்டும் என்பதே அவரது ஆசை. அதற்கென அறிவியல் பட்டப் படிப்புக்காக லக்னோ கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றார். ஆனால் கடும் நோய் குறுக்கிட்டது. படிப்பு இடையில் நின்றது. மருத்துவக் கனவும் அத்துடன் முடிந்தது.

விரும்பிய பாடம் கிடைக்கவில்லை என்பதற்காக வாழ்வே தொலைந்தது போல் ஒடுங்கிவிடும் மாணவர்களை இன்றும் காண்கிறோம். ஜாகிர் ஹுசைன் அவ்வாறு ஒடுங்கவில்லை. உடல் தேறியதும் அலிகருக்கே திரும்பி, தத்துவம், ஆங்கில இலக்கியம், பொருளாதாரம் ஆகியவற்றைப் பயின்று 1918-இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். இவற்றுள் பொருளாதாரமே பின்னாளில் அவரை முனைவர் பட்டம் வரை இட்டுச் சென்றது.

வகுப்பறையோடு அவர் நின்றுவிடவுமில்லை. மாணவர் மன்றத்தின் விவாத மேடையில் நகைச்சுவையும் தர்க்கமும் கலந்த பேச்சாளராகப் புகழ்பெற்றார். நண்பர்கள் அவரை அன்போடு முர்ஷித், அதாவது வழிகாட்டி, என்றே அழைத்தனர். இளங்கலைக்குப் பின் முதுகலைப் பொருளாதாரத்தையும் சட்டத்தையும் பயின்றுகொண்டே அக்கல்லூரியில் பாடம் நடத்தும் வாய்ப்பும் பெற்றார். நல்ல உத்தியோகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

1920: வெளியேறிய மாணவர்

அவ்வேளையில்தான் கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் நாட்டை உலுக்கின. 1920 அக்டோபரில் மகாத்மா காந்தியும் அலி சகோதரர்களும் அலிகர் வந்து, ஆங்கிலேய அரசின் உதவி பெறும் கல்வி நிலையத்தை விட்டு வெளியேறுமாறு மாணவர்களுக்கு அழைப்பு விடுத்தனர். மாணவர்களிடையே பெரும் குழப்பம் நிலவியது. ஜாகிர் ஹுசைன் கல்லூரியைத் துறப்பது என முடிவு செய்தார்.

இந்த இடத்தை நாம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். உணர்ச்சி வேகத்தில் கல்லூரியை விட்டு வெளியேறுவது எளிது. நாளை எங்கே படிப்பது என்ற கேள்விக்கு விடை காண்பதே கடினம். அவர் டில்லிக்குச் சென்று ஹக்கீம் அஜ்மல் கான், டாக்டர் அன்ஸாரி, மௌலானா முஹம்மது அலி ஆகிய தலைவர்களைச் சந்தித்தார். தேசியக் கல்வி நிலையம் ஒன்று அமையுமானால் கணிசமான மாணவர்கள் அதில் சேர ஆயத்தமாக உள்ளனர் என்று எடுத்துரைத்தார். அதே மாதம் 29-ஆம் நாள், மௌலானா மஹ்மூத் ஹஸன் அவர்கள் அடித்தளமிட, ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா அலிகரில் பிறந்தது. ஹக்கீம் அஜ்மல் கான் அதன் முதல் வேந்தராகவும், மௌலானா முஹம்மது அலி முதல் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றனர். சொந்தக் கட்டடம் ஏதுமில்லாத அந்நிலையத்தில் ஜாகிர் ஹுசைன் ஆசிரியரானார். பிளேட்டோவின் குடியரசு நூலை அவர் உருதுவில் மொழிபெயர்த்ததும் அந்நாட்களில்தான்.

பெர்லின் நாட்கள்

கற்பிக்கத் தொடங்கிய பின்னரே தாம் கற்க வேண்டியது மிகுதி என அவர் உணர்ந்தார். 1922-இல் ஜெர்மனி சென்று பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் வெர்னர் சோம்பார்ட்டின் வழிகாட்டுதலில், பிரிட்டிஷ் இந்தியாவின் வேளாண் அமைப்பு பற்றி ஆராய்ந்து 1926-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்நிய நாட்டில் அவர் சேர்த்த செல்வம் அப்பட்டம் மட்டுமன்று. ஜெர்மன் மொழியைக் கற்றுத் தேர்ந்தார். கைத்தொழில் வழியே குழந்தைக்குக் கல்வி புகட்டலாம் என்ற கெர்ஷென்ஸ்டைனர் என்னும் கல்வியாளரின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டார். கவிஞர் காலிபின் திவானை அழகிய பதிப்பாக வெளியிட விரும்பி, பெர்லினிலிருந்த காவியானி அச்சகத்தில் அச்சுக்கோக்கும் வேலையைக் கற்றுத் தாமே எழுத்துகளைக் கோத்தார். முனைவர் பட்ட மாணவர் அச்சகத் தொழிலாளியின் அருகில் நின்று வேலை கற்பதை இழிவாக அவர் கருதவில்லை.

அங்கே கிடைத்த மற்றொரு செல்வம் நட்பு. ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் என்னும் இரு நண்பர்கள் அவருடைய எண்ணங்களில் பங்குகொண்டனர். இதனிடையே 1924-இல் கிலாஃபத் இயக்கம் ஓய்ந்து, ஜாமிஆவுக்கு வந்துகொண்டிருந்த நிதியும் வற்றியது. நிலையத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. தாமும் நண்பர்களும் வாழ்நாளை அதற்கே அர்ப்பணிக்கச் சித்தமாயிருப்பதாகவும், தாங்கள் திரும்பும்வரை மூட வேண்டாம் என்றும் ஜாகிர் ஹுசைன் தலைவர்களுக்குத் தெரிவித்தார். கல்லூரி நட்பு வீண்பொழுதிலும் முடியலாம். ஒரு பல்கலைக்கழகத்தைக் காப்பாற்றவும் செய்யலாம்.

எளிய ஊதியம், பெரிய பணி

1926-இல் மூவரும் தாயகம் திரும்பினர். ஜாமிஆ அதற்கு முந்தைய ஆண்டே டில்லியின் கரோல் பாக் பகுதிக்கு மாறியிருந்தது. இருபத்தொன்பதாம் வயதில் ஜாகிர் ஹுசைன் அதன் துணைவேந்தரானார். 1927-இன் இறுதியில் ஹக்கீம் அஜ்மல் கான் மறைந்ததும் பொருள் நெருக்கடி உச்சத்தை எட்டியது. 1928-இல் அவரும் தோழர்களுமாகப் பதினொரு பேர், மாதம் 150 ரூபாய்க்கு மிகாத ஊதியத்தில் இருபது ஆண்டுகள் பணிபுரிவதாக உறுதி பூண்டனர். பெரும் செல்வந்தர்களை மட்டும் நம்பியிராமல், சாதாரண மக்களிடம் சிறு சிறு தொகைகளைத் திரட்டும் திட்டமும் உருவாயிற்று. 1935-இல் ஓக்லாவில் சொந்தக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அக்கல்லை வைத்த பெருமை அந்நிலையத்தின் மிக இளைய மாணவனுக்கு அளிக்கப்பட்டது.

அழுக்கடைந்த காலணிகளுடன் வந்த மாணவர்களைத் திருத்த, துணைவேந்தரே வாயிலில் அமர்ந்து அவற்றைத் துடைத்து மெருகிட்டார் என்றும், அதன் பின் மாணவர்கள் தாமாகவே திருந்தினர் என்றும் சொல்லப்படுகிறது.

1937-இல் வார்தா மாநாடு அமைத்த குழுவின் தலைவராக ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஜாமிஆவை நடத்திய பின், 1948-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். மாணவராக வெளியேறிய அதே கல்விக்கூடம், நாட்டுப் பிரிவினைக்குப் பிந்தைய சோதனைக் காலத்தில், அவர் தலைமையை நாடியது. 1956 வரை அதைப் பேணினார். 1957 முதல் பீகார் ஆளுநர், 1962 முதல் குடியரசுத் துணைத்தலைவர், 1967 முதல் குடியரசுத் தலைவர் என உயர்ந்தார். 1963-இல் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே வஃபாத்தானார். அவர் அடக்கப்பட்டிருப்பது தாம் காத்து வளர்த்த ஜாமிஆவின் வளாகத்திலேயே.

நமக்குரிய பாடம்

கல்லூரியில் சேரும் பிள்ளையிடம் நாம் பெரும்பாலும் கேட்பது, இப்படிப்புக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்பதே. குடும்பச் சூழலில் அது நியாயமான கேள்விதான். ஆனால் அத்துடன், இங்கே நீ எந்த மொழியைக் கற்றாய், பாடத்திற்கு வெளியே எந்த நூலைப் படித்தாய், எத்தகைய நண்பர்களைத் தேடிக்கொண்டாய், எந்தத் தொழிலைக் கையால் செய்யப் பழகினாய் என்றும் கேட்டுப் பழகுவோம். நினைத்த பாடம் கிடைக்காத பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் அடுத்த வாயிலைத் தேடித் தருவோம். படித்து உயர்ந்தவர்களிடம், தமக்குப் பின் வரும் ஒரு மாணவனுக்காவது கைகொடுக்கச் சொல்வோம். கற்ற கல்வியைச் சமுதாயத்திற்குத் திருப்பிச் செலுத்தும் நல்லெண்ணத்தை நம் மாணவ மாணவியருக்கு இறைவன் அருள்வானாக.